அருவியோரம் ஓர் ஆல்டோ

கள்ளக்குறிச்சியில் பழைய காரை விற்க நினைப்பவர் முதலில் மெக்கானிக்கிடம் போவதில்லை. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிறார். பெரியார் அருவிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு வாளி தண்ணீர் அடித்து, மாலை வெயிலில் படம் எடுக்கிறார். அருவி தெரியும், மலை தெரியும், கதவில் எடுப்பவரின் தொப்பையும் தெரியும். அடிப்பக்கத் துரு மட்டும் தெரியாது.

தொப்பையை மறைக்கச் சற்றுப் பக்கவாட்டில் நின்றாலே போதும். செல்போனைக் காரின் முகப்புக்கு அருகே நீட்டினால் ஆல்டோவுக்கும் மூக்கு புடைத்துவிடும். பத்தடி பின்வாங்கி, ஜூம் வைத்து, ஹெட்லைட் உயரத்துக்குக் குனிய வேண்டும். குனிவது நமக்குத் தெரியாத வித்தையா என்ன?

விற்பது உதிரிபாகம் என்றால் வெள்ளை வேட்டியை விரித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, பாக எண்ணில் ஃபோகஸ் விழ எடுக்கலாம். மற்றதெல்லாம் அலங்காரம்.

வாங்குபவர் கேட்க வேண்டிய படம் ஒன்றே: டயரின் பக்கச்சுவர். அங்கே 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர். அந்த ஆண்டு நவம்பரில் செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கே அது அண்ணன். கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வரும்: "மலையில இருக்கேன் சார், சிக்னல் கிடைக்கல."