வர்ண வியாபாரியுடன் புதுச்சேரிக்கு

என் சிநேகிதர் சென்னையில் பெயிண்டுக் கடை வைத்திருப்பவர் என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும், கடலைப் பார்த்தபடி காலாற நடந்துவிட்டு, மஞ்சள் மதில்களையும் அவற்றின்மேல் கவிழ்ந்து கிடக்கும் காகிதப்பூக் கொடிகளையும் கண்குளிரக் கண்டு, இருட்டியதும் பஸ் ஏறிவிடலாம் என்ற உத்தேசத்துடன் புதுச்சேரிக்குப் புறப்பட்ட மனிதனுக்கு, துணை வருகிறவருடைய தொழில் குறுக்கே நிற்கக்கூடும் என்று எப்படித் தோன்றும்?

துமாஸ் வீதியில் கால் வைத்ததுமே அது குறுக்கே நின்றது. பிரெஞ்சுக்காரர் குடியிருந்த அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு, அரைத்த கடுகின் விழுதைப்போல் ஒரு மஞ்சள், ஓரங்களுக்கு வெள்ளை. அரவிந்தர் ஆசிரமத்துக் கட்டடங்களுக்கு மட்டும் சாம்பல் வர்ணம். அந்தச் சௌந்தரியத்தில் நான் லயித்து நின்ற சமயத்தில், அவர் ஒரு மதிலை நெருங்கி, உள்ளங்கையால் தடவி, கையை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, வெகு சாவதானமாய் அதை என் வேட்டியில் துடைத்தார்.

"சுண்ணாம்பு, ஓய்! அசல் சுண்ணாம்பு. அடுத்த வீட்டைப் பாரும், எமல்ஷன். இந்த மழைக்குள் பொருக்குப் பொருக்காய் உதிரும்."

காரணமும் விஸ்தாரமாய்ச் சொன்னார். கடற்காற்றின் உப்பும் தரையின் ஈரமும் பழைய சுவருக்குள் ஏறியே தீருமாம். சுண்ணாம்பு பூசிய சுவர் மூச்சு விடுவதால் அந்த ஈரம் வந்த வழியே போய்விடுமாம். மேலே சவ்வு மாதிரி புதுப் பூச்சைப் போட்டால், போக்கிடமில்லாத ஈரம் பூச்சையே பெயர்த்துக்கொண்டு வருமாம். "அப்படியானால் நீர் விற்பது எது?" என்று கேட்டேன். "எமல்ஷன்தான்," என்றார், சற்றும் கூச்சமின்றி.

சரித்திரமாவது அவரை மாற்றும் என்று நம்பி, 1761-ல் ஆங்கிலேயர் இந்த ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கிய கதையை உருக்கமாய் எடுத்துரைத்தேன். கண்களை மூடிக் கேட்டவர், "மறுபடியும் கட்டினார்களே, எத்தனை வண்டிச் சுண்ணாம்பு போயிருக்கும்!" என்று பெருமூச்சு விட்டார். காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்றேன்; வர்ணமே தேவைப்படாத கருங்கல் என்று கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியை மட்டும் நெடுநேரம் பார்த்தார். அவரை அணுகி அது வெயிலுக்கு வெளுக்குமா என்று விசாரிப்பதற்குள் நான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

பெரிய வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் பகுதி. பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாயிருந்து, 1736 முதல் 1761 வரை தினசரிக் குறிப்பெழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைக் காட்டத்தான் அழைத்துச் சென்றேன். ஆனால் வழியிலேயே, மரத்தூணும் திண்ணையுமாய் இருந்த ஒரு வீட்டின் சுவரைத் தடவியதில், உள்ளிருந்து ஒரு பெரியவர் வெளிப்பட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் செய்து பென்ஷன் வாங்குகிறவர், ஊர்ப்பேச்சில் சொல்தா. "என்ன தேடுறீங்க?" என்ற கேள்வியில் நான் நடுங்கிப்போனேன். சிநேகிதரோ, "உப்புப் பூத்திருக்குதுங்களே, மேலே பட்டி பார்த்தது யாருங்க?" என்று எதிர்க்கேள்வி போட்டார்.

அவ்வளவுதான். வருஷாவருஷம் அந்தச் சுவரோடு யுத்தம் செய்து அலுத்த அம்மனிதருக்குத் தெய்வமே வாசலில் வந்து நின்றதுபோலாகிவிட்டது. திண்ணையில் பாய் விரிக்கப்பட்டது, காப்பி வந்தது, சுவரின் பூர்வோத்தரம் முழுவதும் வந்தது. பிள்ளையவர்கள் இருந்திருந்தால் இந்தச் சம்பாஷணையையும் ஒரு வரி விடாமல் குறித்து வைத்திருப்பார். எனக்கு அந்தப் பொறுமை இல்லாமையால் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

எழுப்பப்பட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கமும் பிள்ளையின் மாளிகையும் பார்க்கப்படாமலே நின்றன. ஓட்டமும் நடையுமாய்க் கடற்கரைச் சாலைக்கு இழுத்துவந்து, அலைகளைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களுக்கு எதிரே அவரை நிறுத்தி, "இதையாவது பாரும்!" என்றேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சமுத்திரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அளந்தார்.

"நீலம் நல்ல நீலந்தான், ஓய். கரையோரத்தில்தான் இரண்டாவது கோட்டு அடிக்காமல் விட்டிருக்கிறார்கள்."