கேள்வி கேட்காத அவைக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பெறுநர்: மாண்புமிகு மக்களவை, புதுடெல்லி.
பொருள்: அமைச்சரவையைத் தொந்தரவு செய்யாதிருத்தல் – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: இந்திய அரசியலமைப்புச் சட்டம், பிரிவு 75(3).

பார்வையில் கண்ட பிரிவின்படி, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. அதாவது, கணக்குக் கேட்பது அவை. பதில் சொல்வது அமைச்சர்கள். இதனால் அமைச்சர்களுக்கு நேரும் மனவுளைச்சலை அவை குறைத்துவந்த விதம் வருமாறு.

1. கேள்வி நேரம்: காலை 11 மணிக்குத் தொடங்கும் இந்த ஒரு மணி நேரத்துக்கு, நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலிடப்படும். அச்சிட்ட பதிலை அவையில் வைத்துவிட்டு அமைச்சர் உட்கார்ந்துவிட முடியாது. துணைக் கேள்விகள் வரும். அதிகாரி எழுதிக் கொடுத்த தாளில் எல்லாவற்றுக்கும் விடை இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காட்டி கேள்வி நேரம் கைவிடப்பட்டது. அதே தொடரில் மூன்று வேளாண் மசோதாக்கள் நிலைக்குழுவுக்கும் போகாமல் நிறைவேறின. தொற்று மசோதாக்களை அண்டாது, துணைக் கேள்விகள் வழியாக மட்டுமே பரவும் என்பது இதனால் நிறுவப்பட்டது.

2. செலவு: அவையின் ஒப்புதலின்றி அரசு ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. துறைவாரியான மானியக் கோரிக்கைகள் விவாதத்துக்கு வருவது அதனால்தான். 2023 மார்ச் 23 அன்று, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டின் கூச்சலுக்கும் நடுவே, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவு கில்லட்டின் முறையில் விவாதமின்றிச் சில நிமிடங்களில் நிறைவேறியது. மளிகைக் கடைச் சீட்டை இரண்டு முறை கூட்டிப் பார்த்துப் பணம் கொடுக்கும் வாக்காளர்கள், இந்தப் பெருந்தன்மையை அவையிடம் கற்றுக்கொள்ளலாம்.

3. அமைதி: 2023 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கோரி அமளி செய்த உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர், இரு அவைகளிலுமாக 146 பேர். காலியான இருக்கைகளிலிருந்து எதிர்ப்பு எழாததால், மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்கள் சுமுகமாக நிறைவேறின. துணை சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கும்படி பிரிவு 93 சொல்கிறது. 17ஆம் மக்களவை அந்தச் சிரமத்தையும் ஐந்தாண்டு முழுவதும் யாருக்கும் தரவில்லை.

4. ஆளுங்கட்சி வரிசை: இங்கே பழைய தவறு ஒன்று திருத்தப்பட்டுள்ளது. 1957 டிசம்பரில் காங்கிரஸ் உறுப்பினர் பெரோஸ் காந்தி, முந்த்ரா நிறுவனங்களில் எல்.ஐ.சி. செய்த முதலீடு குறித்து, மாமனார் நேருவின் அரசையே அவையில் கேள்வி கேட்டார். விசாரணை நடந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகலாம். அந்தச் சட்டம் கட்டியது வாக்கை மட்டும்தான். வாயையும் கட்டிக்கொண்டது உறுப்பினர்களின் சொந்த முயற்சி. பாராட்டு முழுவதும் அவர்களையே சேரும்.

நட்சத்திரக் கேள்வி, மானிய விவாதம், நிலைக்குழு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் எதுவும் இதுவரை ரத்து செய்யப்படவில்லை. கேள்வி கேட்க விரும்பும் உறுப்பினர் 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். அமைச்சரின் அனுமதி தேவையில்லை.