ஐநூத்தி மூணாம் நம்பர் பெர்த்து

ரயிலில் ஏசி வகுப்புக்குத் தட்கல் முன்பதிவு காலை 10 மணி, மற்றதற்கு 11. ஹௌரா பக்கத்து சாந்த்ராகாச்சியில் குடியிருக்கும் தமிழருக்கு ஊர் ஞாபகம் வந்தால் கூடவே இந்த இரண்டு நேரமும் ஞாபகம் வரும். அங்கிருந்தே சென்னைக்கு ஓர் ஏசி எக்ஸ்பிரஸ் உண்டுதான். ரயில் இருந்து என்ன, டிக்கெட் விற்கும் தளம் வாய் திறக்க வேண்டுமே!

நம்மவர் ஒருவர் சரியாகப் பத்து மணிக்குப் பட்டனை அழுத்தினார். வெள்ளைத் திரையில் ஓர் எண் வந்து நின்றது.

"என்னங்க, கிடைச்சுதா?"

"ஐநூத்தி மூணு."

"பெர்த்து நம்பரா? அவ்வளவு பெரிய பெட்டியா?"

கேட்ட மனைவியைக் குறை சொல்ல முடியாது. திரையில் வந்தது தளத்தின் சர்வர் அனுப்பும் பதில் எண். அதற்கு மூன்று இலக்கம். முதல் இலக்கத்திலேயே பழி யார் தலையில் என்பது தெரிந்துவிடும். 2 என்றால் காரியம் முடிந்தது. 3 என்றால் வேறிடம் போ. சென்னை போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸைத் தேடி ஹௌரா போகிறவரை இப்போது ஷாலிமாருக்குத் திருப்பிவிடுகிறார்களே, அது அச்சாக 301. 4 என்றால் கேட்டவர் குற்றம். 5 என்றால் சர்வரே கையை விரிக்கிறது. அதிலும் 503 கொஞ்சம் மரியாதை தெரிந்தது. எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று ஒரு வரி சேர்த்தனுப்ப அதற்கு வசதி உண்டு. அனுப்புமா என்பது வேறு விஷயம்.

ஆத்திரத்தில் விடாமல் அழுத்தினால் 429: 'ரொம்பக் கேட்கிறாய்'. 2012-ல் வலையின் விதியில் சேர்ந்த எண். தட்கலைப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தார்களோ என்னவோ.

நம்மவரை உண்மையில் வதைத்தது 200. 'மன்னிக்கவும், பிறகு முயலவும்' என்கிறது திரை. கீபோர்டில் எஃப் 12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்தால், அதே பக்கத்துக்கு சர்வர் தந்த எண் 200, அதாவது எல்லாம் சுகம்! கர்ல் என்ற கட்டளையோடு '-I' (பெரிய 'ஐ') சேர்த்து முகவரியைக் கொடுத்தால் பக்கத்தை விட்டுவிட்டுத் தலைப்புத் தகவல் மட்டும் வரும். அதிலும் 200. எண்ணை மட்டும் பார்க்கும் கண்காணிப்பு மென்பொருள் இதை நம்பி நிம்மதியாகத் தூங்கும். 'இல்லை' என்பதை 200 போட்டுச் சொல்லும் பக்கத்தை கூகுள் 'சாஃப்ட் 404' என்றே அழைக்கிறது.

உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிக்கு எச்டிடிபி என்று பெயர். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் எழுதிய அதன் முதல் வடிவில் எண்ணே கிடையாது. பிழையும் பக்கமாகவே வரும். படித்துப் பார்த்துத்தான் பிழை என்று அறிய வேண்டும். 1996-ல் வெளியான 1.0 விதியில் எண்கள் இருந்தன. இந்த மூன்று இலக்க முறையை, கோப்பு அனுப்பும் எஃப்டிபியும் மின்னஞ்சலும் ஏற்கெனவே வைத்திருந்தன. அங்கே 4 தற்காலிகத் தடங்கல், 5 நிரந்தரம். வலைக்கு வந்ததும் அதுவே 'நீயா, நானா' கணக்காகிவிட்டது. இத்தனை எண்களையும் வைத்துக்கொண்டு 200 என்று புளுகுகிற தளம் நம்மை 1991-க்கே கூட்டிப்போகிறது. வெளிப்படையான 503 எவ்வளவோ தேவலை.

நம்மவருக்குப் பிடித்த எண் 418. 1998 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தின வேடிக்கையாக, காபிப் பாத்திரங்களுக்கென்றே ஒரு நெறிமுறை வெளியானது. தேநீர்க் கெண்டியிடம் காபி கேட்டால் அது '418, நான் தேநீர்க் கெண்டி' என்று சொல்ல வேண்டுமாம். 2022-ன் எச்டிடிபி விதியான ஆர்எஃப்சி 9110 கூட அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கியே வைத்திருக்கிறது.

சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஃபில்டர் காபி கேட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "கஃபி நேய், தாதா. சா காபேன்?" (காபி இல்லை அண்ணா, டீ குடிக்கிறீங்களா?) என்று கடைக்காரர் மண் குவளையை நீட்டினார். மறுத்த கையோடு மாற்று ஏற்பாட்டையும் தருகிற சர்வரை நம்மவர் இன்னும் பார்க்கவில்லை.