பஸ்ஸுக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'இன் தி கார்' என்கிறார்கள். பஸ் என்றால் மட்டும் 'ஆன் தி பஸ்'! பயணிகள் எல்லோரும் கூரை மேலா உட்கார்ந்து போகிறார்கள்?

பதில்: கூரைக்கெல்லாம் ஏற வேண்டாம், சீட்டிலேயே சௌகரியமாக உட்காருங்கள்! உள்ளே நிமிர்ந்து நின்று நாலடி நடக்க முடிந்தால் பெரும்பாலும் 'ஆன்': பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து நுழைந்து, இறங்கும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டுமென்றால் 'இன்': கார், டாக்ஸி. சைக்கிளுக்கும் குதிரைக்கும் 'ஆன்'தான். அங்கே நிஜமாகவே மேலே ஏறித்தானே உட்காருகிறோம்!

நேரத்துக்கும் இப்படி ஓர் ஒழுங்கு உண்டு. மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் வருடத்துக்கும் 'இன்'. ஆனால் காலையும் மாலையும் 'இன்' கேட்க, இரவு மட்டும் 'அட் நைட்' என்று தனிக்கட்சி நடத்தும்.

ஆறு மணி ரயில் ஆறுக்கே கிளம்பினால் அது 'ஆன் டைம்'. அதைப் பிடிக்க நீங்கள் ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டால் 'இன் டைம்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'இன் ஹாஸ்பிடல்' என்றால் நோயாளியாகப் படுத்திருக்கிறார். நடுவில் ஒரு 'தி' சேர்ந்தால், ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனவராகவும் இருக்கலாம். அமெரிக்கர்களோ நோயாளிக்கும் அந்தத் 'தி'யைப் போடுவார்கள்.

அதனால் இந்தச் சின்னச் சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். 'குட் அட்', 'டிபெண்ட் ஆன்' என்று ஜோடியாகவே படியுங்கள். 'டிஸ்கஸ்' மட்டும் பிரம்மச்சாரி. அதற்கு 'அபௌட்'டைக் கட்டிவைக்காதீர்கள்!