வெற்றிப் பெண்களும் செக்கிங் அக்காவும்

வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் பனியன் கம்பெனியில் இரண்டு காரியம் நடக்கும். கக்கூசுக்குச் சோப்பு வரும். பெண் தொழிலாளர்களுக்குத் தன்னம்பிக்கை வரும். சோப்பை வைக்க ஸ்டோரிலேயே ஆள் உண்டு. தன்னம்பிக்கையை வைக்கத்தான் கோயமுத்தூரிலிருந்து ஆள் வரவேண்டும்.

மார்ச் 8 அன்று அவிநாசிபாளையத்தில் ஒரு கம்பெனிக்கு அப்படி ஒருவர் வந்தார். கோட்டு, பளபளக்கும் ஷூ, கையில் லேப்டாப். ‘வரலாற்றுப் பெண்கள் கற்றுத் தரும் ஏழு வெற்றிப் பாடங்கள்’ நிகழ்ச்சிக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாதியை ஒதுக்கியிருந்தார்கள். கேன்டீன் காலியாக இருந்ததால் செக்கிங் டேபிளில் ஒத்திகை பார்க்க நினைத்தார். அங்கே டிஸ்பேட்ச் அவசரத்தில் ஓர் அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். உட்கார நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சியாளர்: வணக்கம் மேடம்!

அக்கா: (பின்னால் திரும்பிப் பார்க்கிறார்; யாருமில்லை) என்னையங்களா? அக்கான்னே கூப்பிடுங்க தம்பி. மேடம்னா ஆடிட்டுக்கு வர்றவிங்க.

பயிற்சியாளர்: சரிங்க அக்கா. உங்க கனவு என்ன?

அக்கா: இன்னைக்கு ஒரு ஷிப்ட்டா ஒன்றரை ஷிப்ட்டான்னு மத்தியானத்துக்குள்ள சொல்லிட்டாங்கன்னா போதுமுங்க. ஊட்டுக்குப் போன் பண்ணி மாவு கரைக்கச் சொல்லிருவேன்.

பயிற்சியாளர்: அது இல்லக்கா. வாழ்க்கையில எங்க போய்ச் சேரணும்னு கேக்கறேன்.

அக்கா: வேன் கொடுவாய் வரைக்குந்தானுங்க போகும்.

(பேசிக்கொண்டே ஒரு டீசர்ட்டை உள்பக்கம் திருப்புகிறார். கழுத்து ரிப், தோள், அக்குள், கீழ் மடிப்பு என்று விரல் ஓடுகிறது. அக்குளில் தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஆல்ட்டர் பெட்டியில் போடுகிறார். கண் பயிற்சியாளர் மேல்தான் இருக்கிறது.)

பயிற்சியாளர்: முதல் பாடம், தன்னம்பிக்கை. இந்தப் படத்துல இருக்கறவங்க அ. லலிதா. 1919-ல பொறந்தாங்க. பதினஞ்சு வயசுல கல்யாணம். பதினெட்டு வயசுல கணவர் தவறிட்டாரு. கையில நாலு மாசக் குழந்தை. ஒடைஞ்சு போனாங்களா? இல்ல! 1940-ல கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல எலெக்ட்ரிகல் சேர்ந்தாங்க. பின்னால பக்ரா நங்கல் அணை மின்சார வேலை வரைக்கும் பாத்தாங்க. மனசு வெச்சா மார்க்கம் உண்டு!

அக்கா: கொழந்தையை ஆருங்க பாத்துக்கிட்டா?

பயிற்சியாளர்: குடும்பத்துல பாத்துக்கிட்டாங்க. அது கதைக்கு முக்கியம் இல்லக்கா.

அக்கா: நாலு மாசக் கொழந்தை முக்கியம் இல்லீங்களா? சரி உடுங்க. பொம்பளைப் புள்ளையே இல்லாத காலேஜ்ல எப்படிச் சேத்துனாங்க?

பயிற்சியாளர்: அவங்க அப்பா பப்பு சுப்பாராவ் அதே காலேஜ்ல எலெக்ட்ரிகல் பேராசிரியர். பிரின்சிபால் சாக்கோகிட்டயும் கல்வித்துறை டைரக்டர் ஸ்டாதம்கிட்டயும் அவர் பேசினாரு. அவங்க ஒத்துக்கிட்டாங்க.

அக்கா: உள்ள ஆளு இருந்துச்சுன்னு சொல்லுங்க.

பயிற்சியாளர்: அக்கா, அப்படிக் கொச்சையா...

அக்கா: தப்புன்னு நான் சொல்லலீங்க தம்பி. என்ற தங்கச்சியை இங்க வேலைக்குச் சேத்ததே நான்தான். அந்தம்மா கெட்டிக்காரி, அதுல சந்தேகமில்லை. அதே வருசம் அதே மெட்ராஸ்ல எத்தனை கெட்டிக்காரிங்க அடுப்புல ஊதிக்கிட்டு இருந்திருப்பாங்க? அவிங்க அப்பனுக்கெல்லாம் பிரின்சிபாலைத் தெரியாது, அவ்வளவுதான். சேர்ந்த பொறவு ஒத்தையிலயா படிச்சாங்க?

பயிற்சியாளர்: ஹாஸ்டல்ல தனியா இருந்தது கஷ்டமாப் போச்சு. அப்புறம் லீலம்மா ஜார்ஜ், தெரேசியான்னு இன்னும் ரெண்டு பேரைச் சிவில்ல சேத்துனாங்க.

அக்கா: பாருங்க, அந்தக் காலத்துக்காரருக்குத் தெரிஞ்சிருக்குது. இங்க ஒருத்தியைச் சூப்பர்வைசராப் போட்டாங்க. சுத்தியும் ஆம்பளைங்க, நடுவால இவ ஒருத்தி. அவ கணக்குக் கேட்டா இவிங்க சிரிப்பாங்க. நாலு மாசத்துல மறுபடியும் ஓவர்லாக் மெசினுக்கே வந்துட்டா. ‘பொம்பளைக்கு அது ஒத்து வராது’ன்னு மேனேஜர் ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு. கூட ரெண்டு பேரைப் போட்டுப் பாக்கோணும்னு ஆருக்கும் தோணலை. அந்தம்மா ஏனுங்க, டாக்டருக்குப் படிக்கலியா?

பயிற்சியாளர்: (உற்சாகம் குறைந்து) டாக்டர்னா நடுராத்திரியில கூப்பிட்டா குழந்தையை விட்டுட்டு ஓடணும். அதனால நேரத்துக்கு முடியற வேலையாப் பாத்து இன்ஜினியரிங் எடுத்தாங்க.

அக்கா: அடேங்கப்பா! நேரத்துல ஊட்டுக்குப் போகோணும்னு படிப்பையே மாத்தியிருக்காங்க. நாங்க எட்டு மணி வரைக்கும் நிக்கமாட்டோம்னு சொன்னா ‘டெடிகேசன் இல்லை’ங்கறாங்க. இந்தப் பாடத்தை அவிங்களுக்கு ஒருக்கா எடுங்களேன்.

(இந்தக் கம்பெனியில் குழந்தைக் காப்பகம் உண்டு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. சுவரில் யானை, ஒட்டகம் வரைந்த அறை. தொட்டிலுக்கு மேல் கடைக்காரர் சுற்றித் தந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரியாமல் இருக்கிறது. ஆடிட் அன்று அதைப் பிரித்து யாராவது ஒரு குழந்தையைப் படுக்க வைப்பார்கள். மறுநாள் டேப் ஒட்டி மூடிவிடுவார்கள்.)

பயிற்சியாளர்: சரி, ரெண்டாவது. இவங்க நம்ம கோயமுத்தூர்லயே வேலை பாத்தவங்க! தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள். தலச்சேரியில பொறந்தவங்க. 1931-ல அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டி டாக்டர் பட்டம். 1934-ல கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல சேர்ந்து, கரும்பையே மூங்கிலோட கலந்து பாத்தாங்க. பாடம், பொறுமை! சாதி பாத்தாங்க, பொம்பளைன்னு ஒதுக்குனாங்க, தனியா வாழறாங்கன்னு பேசுனாங்க. அத்தனையும் தாங்கிக்கிட்டு...

அக்கா: எத்தனை வருசம் தாங்குனாங்க?

பயிற்சியாளர்: ம்... 1939 வரைக்கும்.

அக்கா: பொறவு?

பயிற்சியாளர்: இங்கிலாந்து போயிட்டாங்க. அங்க டார்லிங்டன்கற விஞ்ஞானியோட சேர்ந்து 1945-ல பயிர்களோட குரோமோசோம் அட்லஸே போட்டாங்க. ஒரு மக்னோலியா பூவுக்கே அவங்க பேரை வெச்சாங்க. 1951-ல நேருவே கூப்பிட்டு, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கற பொறுப்பைக் கொடுத்தாரு.

அக்கா: இதுல பொறுமை எங்கீங்க இருக்குது? இங்க மரியாதை இல்லை, அந்தம்மா கம்பெனி மாறிட்டாங்க. மாறுன எடத்துல பேரு வந்துச்சு. பேரு வந்ததும் பழைய எடத்துலேர்ந்தே ஆளனுப்பிக் கூப்பிட்டாங்க. இது எங்க டெய்லருங்க எல்லாத்துக்கும் தெரிஞ்ச பாடந்தானுங்க. தீபாவளி போனஸ் வாங்குன மறுநாள் பாருங்க, பாதி மெசின் காலியாக் கெடக்கும்.

பயிற்சியாளர்: (சுற்றுமுற்றும் பார்த்து) அக்கா, மெதுவா. ஆள் நிக்கறதுக்காகத்தான் இந்த டிரெய்னிங்கே.

அக்கா: அப்ப ஜானகியம்மா படத்தை எடுத்துருங்க. கெட்ட சகவாசம்.

பயிற்சியாளர்: மூணாவது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி! இதுல நீங்க குறுக்க பேச முடியாது. 1886-ல புதுக்கோட்டையில பொறந்து, பசங்க படிக்கற மன்னர் காலேஜ்ல சேர்ந்து, 1912-ல சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டராகி, 1927-ல சட்டமன்ற மேலவையில முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவரும் அவங்கதான்! பாடம், கிடைச்ச பொறுப்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்.

அக்கா: காலேஜ்ல சேக்க ஒத்துக்கிட்டது?

பயிற்சியாளர்: புதுக்கோட்டை ராஜா. ஊர்ல எதிர்ப்பு இருந்தும் சேக்கச் சொன்னாரு.

அக்கா: போன தடவை பிரின்சிபால், இந்தத் தடவை ராஜா. சரி, அந்தப் பதவியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டே இருந்தாங்களாக்கும்?

பயிற்சியாளர்: அது வந்து... 1930-ல காந்தியைக் கைது பண்ணினதைக் கண்டிச்சு ராஜினாமா பண்ணிட்டாங்க.

அக்கா: (இன்னொரு அம்பு ஸ்டிக்கரை உரித்தபடி) மொதல் பாடம் நேரத்துக்கு ஊட்டுக்குப் போறது. ரெண்டாவது கம்பெனி மாறுறது. மூணாவது ராஜினாமா. தம்பி, இதையெல்லாம் மொதலாளி பாத்தாருங்களா?

பயிற்சியாளர்: அவர் தலைப்பை மட்டும் பாத்தாருக்கா.

அக்கா: ராஜினாமா பண்ணிட்டு அந்தம்மா சும்மா இருந்தாங்களா?

பயிற்சியாளர்: இல்ல. ஆதரவில்லாத பொண்ணுங்களுக்கு அவ்வை இல்லம். 1954-ல அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி. கல்யாணத்துக்கே, ‘என்னைச் சமமா நடத்தணும், என் விருப்பத்துல குறுக்க நிக்கக் கூடாது’ன்னு கண்டிஷன் போட்டுத்தான் சம்மதிச்சாங்களாம்.

அக்கா: இதைப் பெரிய எழுத்துல போடுங்க! இதுக்குத்தான் கை தட்டுவாங்க எங்காளுங்க. தன்னம்பிக்கைன்னு தனியா ஒரு பக்கம் எதுக்கு?

(‘முதல் பெண்’ என்று பட்டம் சூட்டிவிடுவதில் ஒரு வசதி இருக்கிறது. அதுவரைக்கும் கதவை யார் பூட்டி வைத்திருந்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. பயிற்சியாளரின் ஏழு பாடங்களில் ஒன்றுகூடப் பூட்டியவருக்கானது இல்லை.)

பயிற்சியாளர்: நாலாவது நம்ம பக்கத்து ஆளு. மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி. நூறு வயசுக்கு மேலயும் தோட்டத்துல எறங்கி வேலை செஞ்சாங்க. 2021-ல பத்மஸ்ரீ. பாடம், உழைப்புக்கு வயசில்ல! நீங்களும்...

அக்கா: அது ஆரு தோட்டமுங்க?

பயிற்சியாளர்: அவங்களோடதுதான். மளிகைக் கடை வெச்சு, அதுல சேத்த காசுல வாங்கினது.

அக்கா: சொந்தத் தோட்டத்துல நூறு வயசு வரைக்கும் வேலை செய்யலாமுங்க. அசதியா இருந்தா வரப்புல உக்காந்துக்கலாம். இங்க அம்பது தாண்டுனாலே ‘கண்ணு தெரியலை, பீஸு தப்பிப் போகுது’ன்னு அனுப்பிருவாங்க. அடுத்தது?

பயிற்சியாளர்: அஞ்சாவது, வசந்தகுமாரி. 1993-ல கன்னியாகுமரி மாவட்டத்துல அரசு பஸ் ஓட்ட வந்தாங்க. விடாமுயற்சி! தட்டிக்கிட்டே இருந்தா கதவு திறக்கும்!

அக்கா: எந்தக் கதவைத் தட்டுனாங்க?

பயிற்சியாளர்: முதலமைச்சர்கிட்டயே மனு கொடுத்தாங்க.

அக்கா: அப்படிச் சொல்லுங்க. எதிர்க்க இருந்த கதவைத் தட்டாம, அதுக்கு மேல இருந்த கதவைத் தட்டியிருக்காங்க. ஏனுங்க தம்பி, இன்ஜினியரு, விஞ்ஞானி, டாக்டரு, டிரைவரு எல்லாம் வந்துட்டாங்க. எங்க தொழில்ல ஒருத்தியும் இல்லீங்களா? தையல் மெசினைக் கண்டுபுடிச்சு எத்தனை காலமாச்சு!

பயிற்சியாளர்: (லேப்டாப்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு) இருந்துச்சு. எச்.ஆர். எடுத்துடச் சொல்லிட்டாங்க.

அக்கா: நான் எச்.ஆர்.கிட்டச் சொல்லமாட்டனுங்க.

பயிற்சியாளர்: கிளாரா லெம்லிச்னு ஒரு பொண்ணு. நியூயார்க்ல சட்டை தைக்கற கம்பெனியில வேலை. 1909-ல தொழிலாளர் கூட்டம் நடக்குது, தலைவர்கள் மாத்தி மாத்திப் பேசிக்கிட்டே இருக்காங்க. இவ மேடையேறி, பேசினது போதும், வேலையை நிறுத்தலாம்னு சொன்னா. இருபதாயிரம் பேர் வெளியில வந்துட்டாங்க, பெரும்பாலும் பொண்ணுங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள, 1911 மார்ச் 25-ல, அதே ஊர்ல ட்ரையாங்கிள் கம்பெனியில தீப்பிடிச்சுது. வெளியில போற கதவு ஒண்ணு பூட்டியிருந்துச்சு. 146 பேர் போயிட்டாங்க.

(அக்காவின் கை நிற்கிறது. பின் மாடிப்படிக் கதவைப் பார்க்கிறார். அதன் முன்னால் அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. ‘அவசர வழி’ என்ற பச்சை எழுத்தில் ‘வழி’ மட்டும் மேலே தெரிகிறது.)

அக்கா: அத ஏனுங்க எடுக்கச் சொன்னாங்க?

பயிற்சியாளர்: பாசிட்டிவா இல்லையாம்.

அக்கா: மார்ச் எட்டுன்னு ஏன் வெச்சாங்கன்னாவது தெரியுமுங்களா?

பயிற்சியாளர்: தெரியும். 1910-லயே கோபன்ஹேகன் மாநாட்டுல கிளாரா செட்கின் மகளிர் தினம் வேணும்னு சொன்னாங்க. தேதி நிலைச்சது 1917-ல. அன்னைக்கு ரஷ்யாவுல பெத்ரோகிராட் நகரத்துல, ரொட்டி கேட்டு, மொதல்ல தெருவுக்கு வந்தது... (குரல் இறங்குகிறது) துணி ஆலைப் பொண்ணுங்க. வேலைநிறுத்தம். ஒரு வாரத்துல ஜார் மன்னர் முடியைத் துறந்துட்டாரு.

அக்கா: ஓஹோ. எங்காளுங்க வேலைநிறுத்தம் பண்ணுன நாளுக்குத்தான் இன்னைக்குக் கேக்கு. அதையும் எங்க சோத்து நேரத்துலதான் வெட்டோணும்.

பயிற்சியாளர்: அக்கா, இதை மட்டும் அங்க கேட்டுடாதீங்க. போட்டோ எடுக்க வர்றாங்க.

அக்கா: நான் கேக்கலீங்க. உங்களுக்கு நல்லதா ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பிரின்சிபால் சாக்கோ, புதுக்கோட்டை ராஜா, மனு வாங்குன முதலமைச்சர், இவிங்க படத்தையெல்லாம் தனியா எடுத்து வெச்சு, ‘கதவைத் தொறந்தவங்க கற்றுத் தரும் பாடங்கள்’னு ஒண்ணு தயார் பண்ணுங்க. மேல மொதலாளி ரூம்ல, மேனேஜரு, சூப்பர்வைசரு அத்தனை பேரையும் உக்கார வெச்சு எடுங்க. ஏசி இருக்குது, உங்க கோட்டுக்கும் சௌரியமா இருக்கும்.

பயிற்சியாளர்: அவங்க என்னை அதுக்குக் கூப்பிடலையேக்கா. நானாப் போய்க் கேட்டா அடுத்த வருஷம் இந்த வேலையும் போயிடும்.

அக்கா: (அடுத்த டீசர்ட்டை உள்பக்கம் திருப்பியபடி) அஞ்சாவது பாடமுங்க தம்பி. தட்டிக்கிட்டே இருங்க.