கூந்தலைத் தூங்க வைப்பவர்

இரவு பத்து மணிக்கு மேல், வீட்டில் மற்றவர்கள் கொட்டாவி விட்டபடி பாயையும் போர்வையையும் தேடும் நேரத்தில், ஒருவர் மட்டும் கண்ணாடி முன்னால் வேலையைத் தொடங்குவார். அகலப் பல் சீப்பை எடுத்து நுனியில் ஆரம்பித்துச் சிக்கெடுப்பார். உள்ளங்கையில் நாலு சொட்டு எண்ணெய் தேய்த்து அதே நுனியில் தடவுவார். தளரப் பின்னி, வாலைத் துணி சுற்றிய ரப்பரால் கட்டி, மொத்தத்தையும் உச்சியில் சுருட்டி வைத்து, அதன்மேல் வழுவழுவென்று ஒரு தொப்பியைக் கவிழ்ப்பார். கூந்தல் தூங்கிய பிறகுதான் அவர் தூங்குவார். நாலு பேர் உள்ள உறவு வட்டம் எதை எடுத்தாலும் இப்படி ஒரு கூந்தல்காரம்மா உண்டு, அவரைப் பற்றி அங்கே நிலவும் கருத்தும் ஒன்றே: "அழகுப் பைத்தியம்." இந்தத் தீர்ப்பு அநியாயம் என்பது என் கட்சி. அழகுப் பைத்தியம் என்றால் நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசையாவது இருக்க வேண்டாமா? இவருடைய கூந்தலை யார் பார்த்தது? இரவெல்லாம் தொப்பிக்குள். பகலெல்லாம் வெயில், தூசி, பஸ் ஜன்னல் காற்று, கண்ணேறு என்ற நாலுக்கும் பயந்து கிளிப்புக்குள். கல்யாண வீட்டில்கூட, "இன்னிக்காவது பின்னிப் பூ வச்சுக்கயேன்" என்று பெரியம்மா கெஞ்சினால், "கூட்டத்துல யாராவது இழுத்துட்டா?" என்று கொண்டையோடு வருவார். வாங்கிப் பத்து வருடமான டிவி ரிமோட்டை இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அழுத்துகிறார்களே, அந்த வம்சம் இவர். கூந்தலை வைத்திருப்பதுதான் இவருக்கு முக்கியம், காட்டுவது இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தச் சேமிப்பு எவ்வளவு பெரியது என்று தெரியும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒண்ணேகால் சென்டிமீட்டர், ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பைத் தாண்டி இறங்கும் 90 சென்டிமீட்டர் கூந்தல் என்றால் அதன் நுனிக்கு வயது 6. அந்த நுனி தலையை விட்டு எட்டிப் பார்த்தபோது எல்.கே.ஜி.யில் அழுதுகொண்டிருந்த பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறான். இடையில் 2,190 இரவுகள். ஒவ்வொரு முடியின் மேலும் நுண்ணிய செதில்கள் நுனியைப் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. வேரிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் வழுக்கும், நுனியிலிருந்து வேருக்கு ஓட்டினால் சொரசொரக்கும். தூக்கத்தில் புரளும் தலைக்கு இந்தத் திசையெல்லாம் தெரியாது. பருத்தி உறையின் குட்டையான இழைகளில் முடி உரச உரசச் செதில்கள் தூக்கிக்கொள்ளும், பெயரும், கடைசியில் நுனி பிளக்கும். பட்டு இழை நீளமாக, அறுபடாமல் ஓடுவது. சாட்டின் நெசவில் நூல்கள் மேலாக மிதந்து கிடப்பவை. இரண்டிலும் முடி சிக்காமல் நழுவிவிடும். கூந்தல்காரம்மா இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் துணிக்கடையில் நைட்டிக்கு வைத்திருந்த சாட்டினில் ஒரு மீட்டர் கிழித்து வாங்கி, தையல்காரர் முகத்தில் தோன்றிய கேள்வியைக் கண்டுகொள்ளாமல், தலையணை உறைக்கு அளவு கொடுத்தார்.

"முடி செத்த பொருள்தானே, அதுக்கு இத்தனை உபசாரமா?" என்று வீட்டில் உயிரியல் படித்தவர் கேட்பார். செத்த பொருள் என்பது சரி, அதனால்தான் உபசாரம். முழங்காலில் சிராய்த்தால் தோல் வளர்ந்து மூடிக்கொள்ளும். பிளந்த நுனி ஒருநாளும் கூடாது. "ரிப்பேர்" என்று எழுதி விற்கும் பாட்டில்கள் செய்வதெல்லாம் சில குளியல் வரை பூசி ஒட்டி வைப்பது. ஒரு சாண் முடி ஒடிந்தால் அதைத் திரும்பப் பெற ஒன்றரை ஆண்டு ஆகும், எந்தக் கடையிலும் அந்த ஒன்றரை ஆண்டு கிடைக்காது.

அடுத்த ஆட்சேபம் மாமாவிடமிருந்து வரும் (பெரும்பாலும் வழுக்கை மாமா). "எங்க பாட்டிக்கு முழங்கால் வரைக்கும் முடி. பட்டு உறையா போட்டுப் படுத்தாங்க?" பாட்டி உறை போடவில்லை, ஆனால் விதி போட்டிருந்தார். விளக்கு வைத்த பிறகு தலை வாரக் கூடாது. வாரினால் லட்சுமி போய்விடுவாள் என்று சொன்னாலும் சரி, மங்கிய வெளிச்சத்தில் முடி சோற்றில் விழும் என்று சொன்னாலும் சரி, விளைவு ஒன்றுதான்: பொழுது சாய்வதற்குள் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, பின்னி முடித்தாக வேண்டும், மறுநாள் வரை யாரும் அவிழ்க்க முடியாது. இன்று யூடியூபில் இரவுப் பராமரிப்பு என்று பத்து நிமிடம் பேசுவதில் பாதி இதுதான். அந்த எண்ணெய்க்குச் சான்றும் உண்டு. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்றது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். பாட்டி தலைக்குக் குளித்தது செவ்வாய், வெள்ளி. ஹேர் டிரையரும் ஸ்ட்ரெயிட்னரும் அவர் காணாதவை. போகட்டும், முழங்கால் முடிக்கு மாமா காட்டும் ஆதாரம் என்ன? பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து முகத்தையும் சடையையும் சேர்த்துப் பிடித்த ஸ்டூடியோ படம். அந்தச் சடையில் குஞ்சத்துக்கு மேலே எத்தனை அங்குலம் சவுரி என்பதை அந்தப் படம் சொல்வதில்லை.

பிறர் பார்க்கவே கூந்தலைக் காப்பவர்கள் உலகில் இல்லாமல் இல்லை. கியோத்தோவில் கெய்ஷா கலை பயிலும் இளம்பெண்களான மைக்கோக்கள் சொந்த முடியிலேயே அந்தப் பெரிய கொண்டையைக் கட்டுகிறார்கள். ஒருமுறை கட்டினால் ஏறக்குறைய ஒரு வாரம் கலையக் கூடாது என்பதால், கழுத்தை மட்டும் தாங்கும் உயரமான தலையணையில் அசையாமல் படுக்கப் பழகுகிறார்கள். அது தொழில், விடிந்ததும் கொண்டை விருந்தினர் முன் போயாக வேண்டும். நம்மவர் தொப்பியின் பூர்வீகம் இன்னொரு இடம். ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அணிந்து வருவது அது. சுருண்ட முடி எளிதில் உலரும், முடிச்சு விழும், ஒடியும் என்பதால் அவர்களுக்கு அது தேவை. கூந்தல்காரம்மாவுக்குத் தொழிலும் இல்லை, அந்த அளவு தேவையும் இல்லை. இருந்தும் மே மாதம் மின்சாரம் போன இரவில், காதுவரை இழுத்த சாட்டினுக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டு படுத்திருக்கிறார். காலையில் தொப்பி கால்மாட்டில் கிடக்கும், வழுக்கும் உறை போட்ட தலையணை தரையில் கிடக்கும். தொப்பி இல்லாத நாட்களில் பின்னலைத் தலையணைக்கு மேலே தூக்கிக் கட்டில் சட்டத்துக்குப் பின்னால் தொங்க விடுவார். பக்கத்தில் படுத்தவரின் முழங்கை அதன்மேல் ஊன்றினால் போச்சு, "முடி, முடி!" என்ற அலறலில் அடுத்த வீட்டு விளக்கு எரியும். கணவர் பாவம், கல்யாணமான முதல் வருடத்திலேயே கையை மார்பில் கட்டிக்கொண்டு தூங்கக் கற்றுக்கொண்டார்.

இத்தனையும் பலன் தருமா என்பதுதான் கூர்மையான கேள்வி. பாதி தரும் என்பதே நேர்மையான பதில். முடி வேரில் வளர்கிறது. வேருக்குத் தலையணை உறையைப் பற்றி அக்கறை இல்லை. ஒரு முடியின் வளர்பருவம் பொதுவாக 2 முதல் 7 ஆண்டு. அது முடிந்தால் ஓய்ந்து, தானே உதிரும். நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு (சீப்பில் வந்ததை எண்ணிக் காலண்டரில் குறிப்பவர்கள் இருக்கிறார்கள்). வளர்பருவம் மூன்றே ஆண்டு என்று உடலில் எழுதியிருந்தால் 45 சென்டிமீட்டர்தான் எல்லை. காஞ்சிபுரத்தையே விரித்துப் படுத்தாலும் அது முழங்காலுக்கு இறங்காது. ஆகவே "முடி வளர்க்கும் பட்டு உறை" என்ற விளம்பரம் பொய். வந்த வருமானத்தைச் சிந்தாமல் வைத்துக்கொள்ளலாம், வருமானத்தைக் கூட்ட முடியாது. கூந்தல்காரம்மா உள்ளுக்குள் இதை அறிவார். ஆனால் பூட்டு வைப்பவருக்கு வரும் வியாதி இவருக்கும் வரும்: இன்னும் கொஞ்சம் இறுக்கினால் இன்னும் பத்திரம் என்ற எண்ணம். இரவும் பகலும் கொண்டையை இறுக்கிக் கட்டினால் நெற்றியோரத்தில் வேர் தளர்ந்து முடி கொட்டும். பத்து மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பின்னுவது அதைவிட மோசம். நனைந்த முடி அதிகம் நீளும், சுலபமாக அறும். நுனியைக் காக்கப் போய் முன்நெற்றியைச் செலவழித்தவர்கள் இந்த வம்சத்தில் ஏராளம்.

"சேமிப்பாளி என்கிறீரே, அப்படியானால் திருப்பதியிலும் பழனியிலும் இத்தனை பெண்கள் முடி கொடுப்பது எப்படி?" என்றால், யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கூந்தல்காரம்மாவின் வேண்டுதல் அநேகமாகப் பூமுடி: கத்தரியால் ஓரிரண்டு கற்றை. சாமியிடமும் பேரம் பேசியாயிற்று. முழு மொட்டைக்கு அவர் துணிந்தால் அது வருடமெல்லாம் பைசா பைசாவாகச் சேர்த்தவர் உண்டியலில் கொத்தாகப் போடும் ரகம். சேர்க்காதவரால் அது முடியாது. அந்த முடியைத் திருமலையில் நீளம் பார்த்துத் தரம் பிரித்து ஏலம் விடுகிறார்கள், நீளத்துக்கே விலை. செதிலெல்லாம் ஒரே திசையில் இருக்கும் முடிக்குச் சந்தையில் "ரெமி" என்று தனி மரியாதை. தெருவில் பாத்திரக்காரர் எடை போட்டு வாங்கும் சிக்குமுடி அதற்குக் கீழே. இவர் பத்து மணிக்குக் கண்ணாடி முன் காக்கும் இரண்டு குணங்களுக்கும் உலகச் சந்தை அப்படியே விலை போடுகிறது. இந்த வம்சத்தின் சிகரம் ஒன்று வடக்கே இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களில் மிக நீளமான கூந்தலுக்கு, 236.22 சென்டிமீட்டருக்கு, 2023-இல் கின்னஸ் அங்கீகாரம் பெற்ற உத்தரப் பிரதேசத்தின் ஸ்மிதா ஸ்ரீவஸ்தவா உதிர்ந்த முடியைக்கூட எறியாமல் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அழகுதான் நோக்கம் என்றால் உதிர்ந்ததைச் சேர்ப்பானேன்?

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் அந்தத் தலையணையைப் போய்ப் பார்க்கலாம். கூந்தலைக் காக்கச் சாட்டின் உறை. நாலு சொட்டு எண்ணெய் சாட்டினில் கறை போடும் என்று தெரிந்ததும், உறையைக் காக்க அதன்மேல் ஒரு பழைய டவல். ஆக, இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு கூந்தல் படுத்திருப்பது முடிக்கு ஆகவே ஆகாத கரடுமுரடான துண்டின்மேல். இப்போது டவலும் பிசுக்கேறி நிறம் மாறுவதால், அதையும் காக்க ஒரு பனியனை விரிக்கலாமா என்று யோசனை நடக்கிறது. பனியன் துணி துண்டைவிட எவ்வளவோ மென்மை, முடிக்கும் நல்லது. ஒரே சிக்கல், அவர் கண் வைத்திருக்கும் பனியனைக் கணவர் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்.