ஐந்தெழுத்து யாருடையது?

ஸ்ரீரங்கம் எட்டெழுத்து மந்திரத்தின் ஊர். ஐந்தெழுத்து பக்கத்துத் திருவானைக்காவலின் சொத்து. இந்தப் பாகப்பிரிவினையை வேர்டில் கெடுத்துவிட்டது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கிய அந்த விளையாட்டு, உத்தர வீதித் திண்ணைவரை வந்தாயிற்று. "ஓய், நடுவுல ஓ, கடைசில டி, அஞ்செழுத்து... ஏதாவது தோண்றதா?" காபி ஆறுகிறது. அமெரிக்காவிலிருக்கும் பேத்தி மூன்றாவது முயற்சியிலேயே முடித்து, பச்சைக் கட்டங்களை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாளாம். மானப் பிரச்சினை.

காவிரிப் பாலம் தாண்டினால் நீளத்துக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலத்தில் திருச்சிராப்பள்ளிக்குச் சரியாக 15 எழுத்து. ஸ்கிராபிள் பலகையிலும் வரிசைக்கு 15 கட்டம். பெட்டியில் இருப்பதே இரண்டு 'பி', இரண்டும் இதற்கே சரி. அளவெடுத்துத் தைத்த சட்டைதான், ஆனால் போட அனுமதியில்லை: ஊர்ப்பெயர் செல்லாது. உறையூர்ச் சுருட்டு மட்டும் 'செரூட்' என்று 7 எழுத்தில் உள்ளே புகுந்து, ஏழு வில்லையையும் ஒரே மூச்சில் இறக்கினால் 50 போனஸும் வாங்கித் தருகிறது. ரயில்வேக்காரர்களோ இத்தனை நீள ஊரை 'டிபிஜே' என்று மூன்றே எழுத்தில் முடித்துவிட்டார்கள். அதிலும் 'ஜே' ஜங்ஷனுக்குப் போக, ஊருக்கு மிஞ்சியது இரண்டு.